பந்து நிலத்தில் படக்கூடாது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், வாய் ஒத்துழைப்பதில்லை. அப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர். அம்மா பஸ்ஸை அதன் நிறத்தை வைத்து அடையாளம் பிடிப்பவர். அண்ணை ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனவர். நான் மட்டும் உயர்தரம் வரை படித்தேன். போதாததற்குப் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு இரண்டு வருடம் தலைவியாகவும் இருந்தேன். (இந்தக் கடைசித் தகவலைக் கவனமாக வைத்திருங்கள். வில்லங்கமே அதில்தான்.)

இவ்வளவு பெருமையும் உள்ள ஒருத்தி, ஒரு கூடைப்பந்து அணி வெல்லும் என்று பந்தயம் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் தன் முழு வருடத்தையும் தொலைத்த கதை இது.

அப்போது அண்ணையும் நானும் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சின்ன நகரத்தில் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அண்ணைக்குத் தளபாடத் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. எனக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை. பெனியன் கழுத்துக்கு நாடா வைத்துத் தைப்பது. அண்ணியும் அவர்களுடைய மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் கோபனேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. ஏன் கிடக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. (அமைச்சர் ஒருவரே நிறுத்திவைத்திருந்தார் என்று பிறகு நாடு முழுக்கக் கதைத்தது. அப்போது நாங்கள் தபால் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.)

கடிதம் வந்தால் வாசிப்பவள் நான். அண்ணை வேலை உடுப்பை மாற்றி, முகம் கழுவி, கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். நான் முதலில் மனதுக்குள் வாசிப்பேன். பிறகு தொண்டையைச் செருமுவேன். அதன் பிறகே சொல்லுவேன். எப்போதும் ஒரே செய்திதான்: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அதைச் சொல்லச் செருமல் தேவையில்லை. ஆனாலும் செருமுவேன். எனக்கு அந்தச் செருமல் பிடித்திருந்தது.

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நான் டெனிஷ் வகுப்புக்குப் போனேன். கோடையில் ஒரு பரீட்சை. அதில் சித்தியடைந்தால் மேலே படிக்கலாம். நாடு விட்டு நாடு வந்த பிறகு நான் எனக்கென்று ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்தப் பரீட்சைதான். ஆனால் தொழிற்சாலையில் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே, நான் ஊரில் படித்து முடித்தவள், ஆசிரியையாக வர இருந்தவள் என்று அறிவித்துவிட்டேன். அப்படிப்பட்டவள், வாரம் இரண்டு நாள் சின்னக் கதிரையில் இருந்து ‘இது அப்பிள், இவை அப்பிள்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

ஒக்டோபரில் மேற்பார்வையாளர் எங்கள் மேசைக்கு வந்தார். பெரிய ஓடர் ஒன்று வந்திருக்கிறதாம். பின்னேர வேலை தொடங்கப் போகிறார்களாம். மூன்று மணியிலிருந்து பதினொரு மணி வரை, கோடை விடுமுறை வரும்வரை. கழுத்து வைக்கும் இரண்டு பேரில் ஒருவர் அதற்குப் போக வேண்டும்.

“யார் எண்டதை நீங்களே கதைச்சுத் திங்கட்கிழமை சொல்லுங்கோ” என்றார். (அவர் டெனிஷில்தான் சொன்னார். ஆனால் என் ஞாபகத்தில் இந்த நாட்டில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள்.)

கழுத்து வைக்கும் மற்றவள் கிர்ஸ்டன். ஐம்பது வயது. ஓய்வு நேரத்தில் கோப்பியை ஒரு கையால் குடித்துக்கொண்டு மற்றக் கையால் பின்னல் வேலையைத் தேடுபவள். எனக்கு நூல் கோக்கும் சூட்சுமத்தைக் காட்டித் தந்தவள். அவளிடம், “எனக்குப் பின்னேரத்தில் வகுப்பு இருக்கிறது, நீங்கள் போவீர்களா?” என்று ஒரு வசனம் கேட்டிருந்தால் விஷயம் கோப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. உதவி கேட்பது படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று எனக்குள் எங்கோ எழுதியிருந்தது.

இங்கேதான் கூடைப்பந்து உள்ளே வருகிறது.

எங்கள் பக்கத்தில் சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. (பெயர் சொல்லமாட்டேன். இப்போது நன்றாக ஆடுகிறார்களாம், பாவம்.) அந்த வருடம் அவர்களுடைய நல்ல ஆட்களையெல்லாம் பெரிய நகரத்து அணிகள் வாங்கிக்கொண்டு போய்விட்டன. புதிய பயிற்சியாளர் ஒருவர், பள்ளிக்கூடம் முடித்த ஆறேழு நெட்டைப் பொடியங்களையும், முழங்காலில் கட்டுப் போட்ட ஓர் அமெரிக்கரையும் சேர்த்து அணியை அத்திவாரத்திலிருந்து திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். கோப்பி மேசையில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும், அதுவரை அடிதான் என்றார்கள்.

எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஏனென்றால் அவர்கள் பயிற்சி செய்ததை நான் என் கண்ணாலே பார்த்திருந்தேன். என் வகுப்பு நடந்த கட்டிடத்தின் மேல்மாடி யன்னலில் நின்றால் கீழே விளையாட்டு மண்டபம் தெரியும். வகுப்பு இடைவேளையில் நான் அங்கே நின்று பார்ப்பேன்.

ஊரில் நான் கூடைப்பந்து பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஆடியது வலைப்பந்து. அதிலும் உயரக் கம்பம், அதன் உச்சியில் ஒரு வளையம். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த இடத்தில் நின்று அடுத்த ஆளுக்கு எறிய வேண்டும். தட்டினால் விசில். இரண்டு விளையாட்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று நான் முடிவெடுத்தேன். சந்தேகங்கள் வராமலில்லை. எங்கள் கம்பத்தில் வளையம் மட்டும்தான். இங்கே வளையத்துக்குப் பின்னால் பெரிய பலகை. பந்து தூரப் போய்ப் பனிக்குள் விழாமல் இருக்க வைத்த வசதி என்று விளங்கிக்கொண்டேன். (மண்டபத்துக்குள் பனி எப்படி வரும் என்று யோசிக்கவில்லை.) எங்களுக்கு ஏழு பேர், இங்கே ஐந்து பேர்தான் நின்றார்கள். மற்ற இரண்டு பேருக்கும் காய்ச்சலாக்கும்.

ஆனால் அந்தப் பயிற்சி! பந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு என்று பறந்தது. நிலத்தில் படவேயில்லை. ஒரே ஒரு தரம் ஒரு நெட்டைப் பொடியன் மறந்துபோய்ப் பந்தை நிலத்தில் தட்டினான். பயிற்சியாளர் உடனே விசில் ஊதி அவனை மண்டபத்தைச் சுற்றி ஓடவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியையும் அப்படித்தான் ஓடவிடுவார். விதிகளை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடிக்கும் அணி எப்படித் தோற்கும்?

வெள்ளிக்கிழமை கோப்பி நேரத்தில் கிர்ஸ்டன் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“திங்கட்கிழமை சொல்லவேணும். சீட்டு எழுதிக் குலுக்குவமோ?”

“குலுக்கிறது அதிர்ஷ்டம். எனக்கு அதிலை நம்பிக்கையில்லை” என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

“அப்ப?”

“ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்குதானே. பந்தயம் பிடிப்பம். எங்கடை அணி வெண்டால் பின்னேர வேலைக்கு நீங்கள் போங்கோ. தோத்தால் நான் போறன்.”

கிர்ஸ்டன் பின்னல் ஊசியை மடியில் வைத்தாள். “எங்கடை அணியோ? இந்த வருசமோ?”

“ஓம்.”

“நல்ல ஆக்கள் எல்லாரையும் வித்துப்போட்டினம். அது தெரியும்தானே?”

“தெரியும்.”

“வாறது போன வருசம் கிண்ணம் எடுத்த அணி.”

“கிர்ஸ்டன், இந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியாது. நான் ஊரிலை கப்டன்.”

அவள் இருபது வருடமாக ஒரு போட்டி விடாமல் பார்ப்பவள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சொன்னேன். கிர்ஸ்டன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல இளகியது. ஏதோ விளங்கிவிட்டது போலத் தலையாட்டி, என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“சரி பிள்ளை. உன்ரை விருப்பம். பந்தயம்.”

பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். பந்தயத்தைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை. வென்ற பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கிர்ஸ்டன் தன் கணவரோடு வந்திருந்தாள். அணியின் நிறத்தில் தானே பின்னிய சால்வையை என் கழுத்தில் போட்டாள். மண்டபம் நிறைய ஆட்கள், கோப்பி வாசம், ஈரச் சப்பாத்து வாசம்.

போட்டி தொடங்கியது. முதல் பந்து எதிரணிக்குப் போயிற்று. அதைப் பிடித்தவன் என்ன செய்தான் தெரியுமா? பந்தை டம் டம்மென்று நிலத்தில் தட்டிக்கொண்டு, எங்கள் பொடியங்களுக்கு நடுவால் கூச்சநாச்சமில்லாமல் ஓடினான். விசில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஓடிப்போய் வளையத்துக்குள்ளும் போட்டான். மண்டபம் அமைதியாக இருந்தது. ஒரு கள்ளத்தனம் நடக்கும்போது நூற்றுக்கணக்கான ஆட்கள் எப்படிச் சும்மா இருக்கலாம்?

நான் எழும்பி நின்றேன். தலைவியாக இருந்த காலத்துக் குரல் தானாக வந்தது.

“ரெஃபரி! அவன் பந்தை நிலத்திலை தட்டுறான்!”

டெனிஷில்தான் கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் பொது இடத்தில் சொன்ன முதல் முழு வசனம் அது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு இலக்கணப் பிழையும் இல்லை. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடுவரும் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது குற்ற உணர்ச்சி என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்ததாகப் பந்து எங்கள் அணிக்கு வந்தது. இப்போது பாருங்கள் என்று அண்ணையின் முழங்கையை இடித்தேன். எங்கள் நெட்டைப் பொடியன் பந்தை வாங்கினான். அவனும் தட்டினான். மூன்றாவது தட்டில் பந்து அவனுடைய சப்பாத்திலேயே பட்டு எதிரணியின் கைக்குப் போயிற்று. என் மனம் உடைந்து போயிற்று. இவ்வளவு ஒழுக்கமாகப் பழகிய பிள்ளைகள், கெட்ட சகவாசத்தால் இரண்டு நிமிடத்தில் இப்படிப் பழுதாகிவிட்டார்களே!

“பிள்ளை, எல்லாரும் தட்டுகினம்” என்றார் அண்ணை.

“அதுதான் அண்ணை பிழை.”

“எல்லாரும் பிழை விட்டால் விசிலோடை நிக்கிறவன் ஏன் பேசாமல் நிக்கிறான்?”

“அவனுக்கு ரூல்ஸ் தெரியேல்லை.”

கொஞ்ச நேரத்தில் எனக்கு இன்னொரு களவும் பிடிபட்டது. “அண்ணை, அங்கை ஸ்கோர் போட்டைப் பாருங்கோ! ஒரு கோலுக்கு இரண்டு இரண்டாய் ஏத்துறாங்கள்!”

அண்ணை எழும்பினார். கிர்ஸ்டனின் கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அண்ணையின் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். வினைச்சொல் வருகிற இடத்தில் கை வரும், கை போதாவிட்டால் கால் வரும். ஆனால் வாய் கூசமாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. (நான் அந்த வசனத்தைப் புத்தகத்தில் படித்திருந்தேன், பாவித்ததில்லை.) ஐந்து நிமிடம் இருவரும் கையைக் காலை ஆட்டிக் கதைத்தார்கள். அண்ணை திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

“பிள்ளை, குறை நினையாதை. உது நீ விளையாடின விளையாட்டு இல்லை.”

“என்ன?”

“இதிலை தட்டலாமாம். தட்டத்தான் வேணுமாம். ஒரு கோலுக்கு இரண்டுதானாம். ஐஞ்சு பேர்தானாம், ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லையாம்.”

“அப்ப பயிற்சியிலை ஏன் தட்டேல்லை? நான் கண்ணாலை பாத்தனே!”

“அதையும் கேட்டனான். இந்தப் பொடியங்களுக்குத் தட்டத் தெரியாதாம். தட்டினால் பந்தை விட்டிடுவாங்களாம். அதாலைதானாம் தட்டாமல் எறிஞ்சு பழக்கிறார்.”

நான் எதைப் பார்த்து அணி வெல்லும் என்று நம்பினேனோ, அதுதான் அவர்கள் தோற்பதற்கான காரணம். இதைவிடப் பொருத்தமாகப் பிழை விட என்னாலேயே இனி முடியாது.

ஐம்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். (நாங்கள் வலைப்பந்தில் ஒரு முழு வருடமும் போட்ட கோல்கள் அவ்வளவு வராது.) முடிந்ததும் கிர்ஸ்டன் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

“இப்ப உனக்குச் சந்தோசம்தானே?”

தோற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? நக்கலடிக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். “சந்தோசம்” என்றேன். “நாளைக்கு மேற்பார்வையாளரிட்டை நானே சொல்லுறன்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிள் பாதையின் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“பின்னேர வேலையெண்டால் வகுப்பு?”

“இல்லை.”

“பரீட்சை?”

“வகுப்புக்கு வராத ஆக்கள் எழுதேலாது.”

“அந்த மனிசியிட்டைக் கேட்டிருந்தால் விட்டுத் தந்திருக்குமே.”

“கேக்க மாட்டன்.”

“அது தெரியும்” என்றார். வீட்டில் தேத்தண்ணி போட்டு எனக்கு ஒரு கோப்பையைத் தள்ளிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “செவ்வாயும் வியாழனும் பின்னேரம் எனக்கு என்ன வேலை? காட்ஸ் விளையாடுறது. நான் போய் உன்ரை கதிரையிலை இருக்கிறன். சொல்லுறதை எழுதிக்கொண்டு வாறன். நீ வீட்டிலை இருந்து படி. பரீட்சை அடுத்த வருசம் எழுது.”

சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. “அண்ணை, உங்களுக்கு உதெல்லாம் விளங்காது.”

“எனக்கு விளங்கத் தேவையில்லையே. எழுதினால் காணும்தானே.”

ஆசிரியை இங்கா ஒரு நல்ல மனிசி. வெறும் கதிரையைவிட ஆள் இருக்கும் கதிரை நல்லது என்று சொல்லி, வரவுப் புத்தகத்தில் என் பெயரின் கீழ் அண்ணையின் பெயரை எழுதிவிட்டார்.

அந்தப் பனிக்காலம் அண்ணையும் நானும் படிக்கட்டில்தான் சந்தித்தோம். அவர் வேலையால் மேலே ஏறி வருவார். நான் வேலைக்குக் கீழே இறங்குவேன். வகுப்பில் எழுதிய கொப்பியை அரிசி வாளியின் மேல் வைத்துவிடுவார். காலையில் நான் எடுத்துப் பார்ப்பேன். டெனிஷ் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும். எழுத வராத சொல்லுக்குப் படம் இருக்கும். ‘நேற்று’ என்பதற்கு எப்படிப் படம் கீறுவது என்று தெரியாமல், சூரியனைக் கீறி அதன் மேல் ஒரு கோடு போட்டிருந்தார். நான் சிவப்புப் பேனையால் திருத்துவேன். திருத்தும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தையில் படங்கள் குறைந்தன. மாசியில் என் சிவப்பு மையும் குறைந்தது. பங்குனியில் ஒருநாள் கொப்பியைத் திறந்தால், நான் திருத்திய ஒரு சொல்லின் மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்: ‘பிள்ளை, முதல் எழுதினதுதான் சரியாம். இங்காவிட்டைக் கேட்டனான்.’

கேட்டிருக்கிறார். பிறகும் கேட்டிருக்கிறார். அவருடைய முழு இரகசியமும் அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு பின்னேரம், ஆறு மணி இடைவேளைக்கு மணி அடிக்கும் நேரம், மேற்பார்வையாளர் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். தொலைபேசியில் அண்ணை. அண்ணை ஒருநாளும் தொழிற்சாலைக்கு எடுத்ததில்லை. ஊரில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

“கடிதம் வந்திருக்கு” என்றார்.

“திறக்காதைங்கோ அண்ணை, நாளைக்கு நான் வாசிச்சுச் சொல்லுறன்.”

“திறந்திட்டன். நான் வாசிக்கிறன். பிழையெண்டால் சொல்லு.”

வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு மூச்சு வாங்கி வாசித்தார். தன் பெயரை வாசித்தார். அண்ணியின் முழுப் பெயரை வாசித்தார். மகளின் பெயரை வாசித்தார். ‘விண்ணப்பம்’ என்ற சொல்லில் தடக்கி, திரும்பப் போய்ச் சரியாகப் பிடித்தார். அதற்கடுத்த சொல் ‘பரிசீலனை’ இல்லை. ‘அனுமதி’.

“சரியோ?” என்று கேட்டார்.

“சரி அண்ணை.”

“நான் விளங்கினதுதானே? வரலாமெண்டுதானே போட்டிருக்கு?”

“ஓம் அண்ணை. வரலாமெண்டுதான் போட்டிருக்கு.”

“வாசிச்சதிலை பிழை?”

ஏழு இடத்தில் உச்சரிப்புப் பிழை இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன். (பழக்கதோஷம்.)

“ஒண்டுமில்லை” என்றேன்.

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மேற்பார்வையாளர் மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றார். நான் திரும்பி வந்து அந்த இரவு தைத்த கழுத்துகளில் எத்தனை கோணலாகப் போயின என்று யாரும் கேட்கவில்லை.

ஆனியில் அண்ணை பரீட்சை எழுதினார். சித்தியடைந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டெனிஷ் அரசாங்க முத்திரையோடு சான்றிதழ் வாங்கியவர் ஐந்தாம் வகுப்போடு நின்ற அண்ணை. எழுத்தில் சுமார். வாய்மொழிப் பரீட்சையில் நல்ல புள்ளி. அதில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாங்கள். கூடைப்பந்தைச் சொன்னன்” என்றார்.

கோடை விடுமுறைக்கு முதல் நாள் தொழிற்சாலையில் எல்லாரையும் ஒன்றாகக் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு கிர்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணையின் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். அப்படியே என் வாயிலிருந்து வகுப்பு, கதிரை, பந்தயம் எல்லாம் வந்துவிட்டன. கேட்கக் கேட்கக் கிர்ஸ்டனின் வாய் திறந்தது, மூடவில்லை.

“உனக்குப் பின்னேர வேலை விருப்பமில்லையோ?”

“இல்லை.”

“கடவுளே! எனக்கு விருப்பமாயிருந்ததே! பின்னேர வேலைக்குச் சம்பளம் கூட. பழைய காரை மாத்த இருந்தனாங்கள்.”

“அப்ப ஏன் பந்தயத்துக்கு ஓமெண்டனீங்கள்?”

“நீ அந்த அணியிலை கட்டினாய்! ஆராவது அந்த அணியிலை கட்டுவினமோ? இந்தப் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் வேணும், வாய்விட்டுக் கேக்க வெக்கப்படுது, அதாலை தோக்கிற அணியாய்ப் பாத்துக் கட்டுது எண்டு நினைச்சன். விட்டுக்குடுத்தன்.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம். கிர்ஸ்டன் சிரித்த சிரிப்பில் கேக் தட்டு அவள் மடியில் கவிழ்ந்தது. அவர்கள் அந்தப் பழைய காரை இன்னும் இரண்டு வருடம் தள்ளித் தள்ளி ஓட்டினார்கள். அது தெருவில் நின்றுபோன நாட்களிலெல்லாம் அவளுடைய கணவர் என்னைத்தான் நினைத்துக்கொள்வாராம்.

நான் அடுத்த வருடம் அதே பரீட்சையை எழுதினேன். அண்ணையைவிட எழுத்தில் புள்ளி கூட, வாய்மொழியில் குறைவு. இப்போது ஓகூஸ் நகரத்தில் தாதியர் படிப்பில் இருக்கிறேன். சனி ஞாயிறுக்கு ரயில் எடுத்து வீட்டுக்கு வருகிறேன். வீட்டுச் சுவரில் இரண்டு சான்றிதழும் தொங்குகின்றன. அண்ணையுடையது மேலே. முதலில் வந்தது அதுதானே என்று அண்ணி ஆணி அடித்துவிட்டார். விமானத்தால் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்த கையோடு அண்ணி கேட்ட முதல் கேள்வி, “நீர்தானே அந்தக் கப்டன்?” என்பது. அண்ணை எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எழுதப் பழகியவருக்கு எதை எழுதுவது என்பதில் ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?

வீட்டில் யாராவது கொஞ்சம் மிதப்பாகக் கதைக்கத் தொடங்கினால், மற்றவர்கள் நான் மண்டபத்தில் கத்திய அந்த வசனத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் எனக்குத்தான் விழும்.

போன சனிக்கிழமை நான் வந்தபோது மேசையில் எனக்கு ஒரு கடிதம் இருந்தது. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கல்லூரியிலிருந்து வந்தது. கையை நீட்டினேன். அண்ணை முந்திவிட்டார்.

“கதிரையிலை இரு” என்றார்.

இருந்தேன். நிமிர்ந்துதான் இருந்தேன். அண்ணை கடிதத்தை விரித்து முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, நீளமாகத் தொண்டையைச் செருமினார். வேறு எல்லாவற்றையும் அவர் இங்காவிடம் படித்தார். அந்தச் செருமலை மட்டும் என்னிடம் படித்திருக்கிறார்.

வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த அண்ணையின் மகள் தலையை நிமிர்த்தாமலே டெனிஷில் கத்தினாள்:

“ரெஃபரி! அவர் பந்தை நிலத்திலை தட்டுறார்!”

ஒரு இலக்கணப் பிழையும் இல்லை.